விசிலுக்கு அப்புறம் என்ன?

முதல் நாள், புதன். டப்ளின்

அயர்லாந்தின் மேற்கே, கிளேர் மாவட்டக் கடலோரத்தில் இருக்கும் மோஹர் பாறைகளைப் பார்க்கத்தான் இந்தப் பயணம் கிளம்பியது. வந்து இறங்கி அரை மணி நேரத்தில் அது வேறு ஒருவர் கைக்குப் போய்விட்டது.

சித்தி மகள் 11 வருஷமாக இங்கே நர்ஸ். அவளுடைய மகளுக்கு 8 வயது, பிறந்ததே டப்ளினில். நான் பெட்டியை வைத்துவிட்டுக் காபிக்கு உட்காரும் முன்பே பச்சை வாய் வைத்த ஒரு தகரக் குழலைக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே நீட்டினாள். "மாமா, இதுல ஆறு ஓட்டை. உங்க ஃப்ளூட்ல?" எட்டு என்றேன். "அப்ப உங்களுதுதான் கஷ்டம்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஒரு பாட்டு வாசித்தாள். நான் சின்ன வயதில் மூன்று வருஷம் புல்லாங்குழல் படித்து, பத்தாம் வகுப்புப் பரீட்சையைச் சாக்குச் சொல்லி விட்டவன். அவள் வேகத்துக்கு என் காது மட்டும்தான் ஓடியது.

இங்கே நிறைய ஆரம்பப் பள்ளிகளில் டின் விசில் சொல்லிக்கொடுக்கிறார்கள். விலை குறைவு, பையில் போட்டுக்கொள்ளலாம், கீழே விழுந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. இதில் ஒரு வேடிக்கை, அயர்லாந்தின் அடையாளம் என்று எல்லோரும் நினைக்கும் இந்தத் தகர விசிலை ஆயிரக்கணக்கில் செய்து விற்க ஆரம்பித்தவர் ஓர் ஆங்கிலேயர். ராபர்ட் கிளார்க், சஃபோக் பகுதியில் கூலி வேலை பார்த்தவர். 1843 வாக்கில் தகரத்தை உருட்டி, வாயில் மரக்கட்டை அடைத்து விசில் செய்தார், மகனைக் கூட்டிக்கொண்டு வழியெல்லாம் செய்து விற்றபடியே மான்செஸ்டருக்கு நடந்தார் என்பார்கள். அந்தக் கம்பெனி விசில் இன்றும் கடையில் கிடைக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது, விசில் பழகியவர்கள் அடுத்த வாத்தியம் எடுக்கலாமாம். லீவில் யோசித்துவிட்டு வாருங்கள் என்று டீச்சர் அனுப்பியிருக்கிறார். இவளால் முடிவு செய்ய முடியவில்லை. "அண்ணா, நீங்கதான் கிளேர் பக்கம் போறீங்களே, அங்க வாசிக்கிறவங்களையே கேட்டு எழுதிட்டு வந்துடுங்களேன்" என்றாள் தங்கை, மார்க்கெட்டுக்குப் போகிறவனிடம் கொத்தமல்லி சொல்வதுபோல. ஆக, விசில் வாசிக்கிறவர்களைப் பிடித்து "வேறு என்ன வாசிப்பீர்கள்?" என்று கேட்பதுதான் இனி என் வேலை. சின்னதாக ஒரு நோட்டும் கொடுத்திருக்கிறாள், அட்டையில் யூனிகார்ன் படம்.

இரண்டாம் நாள், வியாழன். டப்ளின்

காலையில் ஹென்ரியட்டா தெரு. பழைய செங்கல் மாளிகைகள், 14ஆம் எண் வீடு ஒண்டுக்குடித்தன அருங்காட்சியகம், பக்கத்து 15ஆம் எண் நா பீபரி இல்லன் என்ற பைப் வாத்தியக்காரர்களின் சங்கம். 1968இல் ஆரம்பித்தது. இல்லன் என்றால் ஐரிஷில் முழங்கை. ஸ்காட்லாந்துக்காரர்கள் வாயால் ஊதுகிற பேக்பைப் நமக்குத் தெரியும், இதில் வாய்க்கு வேலையே இல்லை. வலது முழங்கைக்கு அடியில் ஒரு துருத்தி, இடது பக்கம் காற்றுப்பை. விரல் வைத்து வாசிக்கிற குழல் ஒன்று, விடாமல் ஒலிக்கிற மூன்று ஒத்துக் குழல்கள், மணிக்கட்டால் சாவியைத் தட்டிச் சேர்த்திசை கொடுக்க இன்னும் மூன்று குழல்கள். எல்லாவற்றுக்கும் உள்ளே சீவாளி. எச்சில் படாத காய்ந்த சீவாளி என்பதால் மழை, வெயில் மாறினால் சண்டித்தனம் செய்யும். பைப் வாசிக்கக் கற்க ஏழு வருஷம், பழக ஏழு வருஷம், வாசிக்க ஏழு வருஷம் என்று இவர்களிடம் ஒரு சொலவடை. 8 வயதுப் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது?

ஆனால் 8 வயதில்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். சீஃப்டன்ஸ் என்ற ஐரிஷ் இசைக்குழுவை 1962இல் உண்டாக்கிய பேடி மோலனிக்கு அம்மா விசில் வாங்கிக் கொடுத்தபோது வயது 6, லியோ ரவ்ஸமிடம் பைப் கற்கப் போனபோது 8. கடைசிவரை இரண்டையும் வாசித்தார். விசிலை ஏணி மாதிரி ஏறிவிட்டு உதைக்கவில்லை. இதை நோட்டில் எழுதவில்லை, மோலனி 2021இல் காலமாகிவிட்டார், நான் நேரில் கேட்டவர்கள் மட்டும்தான் கணக்கு.

ராத்திரி ஸ்மித்ஃபீல்டில் காபிள்ஸ்டோன் பப். இந்த இடத்தில் ஓட்டல் கட்ட 2021இல் ஒரு திட்டம் வந்து, ஊரே தெருவில் இறங்கி, மாநகராட்சி அனுமதி மறுத்த கதை உண்டு. உள்ளே போனால் ஏன் அவ்வளவு கோபம் என்று புரியும். மேடை இல்லை, மைக் இல்லை, ஜன்னலோரம் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் வாசித்துக்கொள்கிறார்கள், நாம் சும்மா பக்கத்தில் இருக்கிறோம், அவ்வளவுதான். ஒரு மெட்டை இரண்டு மூன்று தடவை வாசித்துவிட்டு நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுகிறார்கள். யார் கண் காட்டினார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

விசில் வாசித்தவர்கள் இரண்டு பேர். ஒரு இளம்பெண், ஒரு பெரியவர். அந்தப் பெண் இடைவேளையில் நாற்காலிக்கு அடியிலிருந்து பை எடுத்து, கறுப்பு மரத்தில் மூன்று துண்டுகளைப் பொருத்தினார். ஃப்ளூட். நோட்டில் முதல் வரி. பெரியவரிடம் கேட்டேன். "நீங்களே சொல்லுங்க" என்றார். தெரியாமல் ஃபிடில் என்றேன். சிரித்தார். "என் நாக்கைக் கவனிச்சீங்களா? அது சும்மா கிடந்தது. நான் பைப்காரன். பைப்புல வாய் கிடையாது, அதனால ஒரு சுரத்தை இன்னொரு சுரத்துல இருந்து பிரிக்க விரல்தான் உண்டு. விசிலை எடுத்தாலும் பழக்கம் போகாது." பக்கத்துப் பெண் ஒவ்வொரு சுரத்தையும் நாக்கால் தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தாராம், எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது. இப்போது கேட்கிறது.

வீட்டுக்கு நடக்கும்போது ஒரு பந்தயம் கட்டிக்கொண்டேன். இனி கேட்பதற்கு முன்னால் நானே ஊகிக்க வேண்டும்.

மூன்றாம் நாள், வெள்ளி. என்னிஸ்

ஹூஸ்டன் ஸ்டேஷனில் ரயில், லிமரிக்கில் மாறி என்னிஸ். வழியெல்லாம் பச்சை, பசு, பச்சை.

என்னிஸில் ஒரு வாத்தியக் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் கெடுத்தேன். எனக்கென்று ஒரு பித்தளை விசில் வாங்கினேன், டி சுருதி. உள்ளூரில் ஊதிப் பார்க்க இடம் இல்லாமல் ஃபெர்கஸ் ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்தேன். விரல் தன்னால் ரெண்டு ஓட்டையை மூடிக்கொண்டு ஸட்ஜம் என்றது. நம் குழலில் அதுதானே பழக்கம்? இவர்களுக்கோ ஆறையும் மூடினால்தான் ஆரம்பம். அவர்கள் முறையில் ஆறையும் மூடி மேலே ஏறினால் சங்கராபரணம் வருகிறது. என் பழக்கத்தில் ரெண்டு மூடி அங்கிருந்து ஏறினால், ஒரு ஓட்டையும் மாற்றாமல், ஹரிகாம்போதி. கீழிருந்து ஒரு விரல் தூக்கி அதை ஆதாரமாக வைத்தால் கரகரப்பிரியா. இந்த ஊர் மெட்டுகள் பல அந்த மூன்றாவது இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன, நேற்று எங்கேயோ கேட்ட மாதிரி இருந்ததற்குக் காரணம் அதுதான். ஒரு வாத்து மட்டும் கடைசிவரை இருந்து கேட்டது.

கடையில் இன்னொன்று பார்த்தேன், லோ விசில். சாதாரண விசிலைவிட ஒரு ஸ்தாயி கீழே, கை நீளத்துக்கு அலுமினியக் குழாய். அதன் கதையில் நம் நாட்டு மூங்கில் வருகிறது. ஃபின்பர் ஃப்யூரி என்ற பைப் கலைஞர் ஓர் இந்திய மூங்கில் குழல் வைத்திருந்தார், கச்சேரிப் பயணத்தில் அது உடைந்துபோனது. ஒட்டிப் பார்த்தும் சரிவரவில்லை. பெர்னார்ட் ஓவர்ட்டன் என்ற ஆங்கிலேயர் அதற்குப் பதிலாக உலோகத்தில் செய்து கொடுத்ததுதான், 1971இல், இன்றைய லோ விசிலின் முதல் பிரதி. ஓட்டைகள் அவ்வளவு தள்ளித் தள்ளி இருப்பதால் விரல் நுனி எட்டாது. பைப்காரர்களுக்குக் கவலையில்லை, அவர்கள் எப்போதும் விரலை நீட்டி நடுக்கணுவால் மூடுகிறவர்கள். எனக்கு மூன்றாவது ஓட்டையில் காற்று ஒழுகியது, கடைக்காரர் நாசூக்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான்காம் நாள், சனி. மில்டவுன் மால்பே

என்னிஸிலிருந்து 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தங்க ஒரு அறை பதிவு செய்திருந்தேன், போன வாரம் அவர்களே ரத்து செய்துவிட்டார்கள், காரணம் கேட்டால் பதில் இல்லை. ஜூலை முதல் வாரம் இந்த ஊரில் வேறு அறை கேட்பது, பங்குனி உத்திரத்தன்று பழனியில் அறை கேட்பதுபோல. அதனால் என்னிஸில் படுத்து, பஸ்ஸில் போய் வருகிறேன்.

இந்த வாரம் ஊர் நிரம்பி வழியக் காரணம் வில்லி கிளான்சி என்ற இசைக்கலைஞர். இந்த ஊர்க்காரர், 1918இல் பிறந்தவர். தச்சு வேலை. முதலில் விசில், அப்புறம் ஃப்ளூட், அதற்கும் அப்புறம் பைப். ஊர் ஊராக வண்டியில் சுற்றி வாசித்த ஜானி டோரன் என்ற பைப்காரரைக் கேட்டதுதான் அவரை மாற்றியது. பேர் வாங்கியது பைப்பில். 1973 ஜனவரியில் இறந்தார், அதே வருஷக் கோடையில் நண்பர்கள் அவர் பெயரில் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தார்கள், இன்றுவரை ஒவ்வொரு ஜூலையிலும் நடக்கிறது. தெருவில் அவருக்குச் சிலை இருக்கிறது.

ஒரே ஒரு பெரிய தெரு. அதில் எத்தனை பேர்! பப் வாசலில், கடைப் படியில், கார் டிக்கியில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். ஜப்பானியப் பெண் ஒருத்தி கான்சர்டினா என்ற சின்னத் துருத்திப் பெட்டி, ஜெர்மன் பையன் தந்தி மீட்டுகிற பாஞ்சோ. ஃப்ரீல்ஸ் பப்புக்குள் நுழையவே கால் மணி நேரம்.

என் பந்தயத்தில் இன்று நான்குக்கு இரண்டு. ஒரு பையன் நீட்டிய விரலோடு வாசித்தான், பைப் என்றேன், சரி. ஒரு அம்மா மூச்சு விடும் இடத்தை மெட்டுக்குள் ஒளிக்காமல், ஒரு சுரத்தையே விட்டுவிட்டு அழகாக ஒரு சந்து உண்டாக்கி அதில் மூச்சு எடுத்தார், ஃப்ளூட் என்றேன், அதுவும் சரி. மிச்சம் இரண்டும் சொதப்பல். அதில் ஒருவர் கான்சர்டினா. "அதுல என்ன தெரியும்? இழுத்தா ஒரு சுரம், அமுக்கினா ஒரு சுரம், மூச்சே வேண்டாமே" என்று என்னைத் தேற்றினார்.

ஏன் இவ்வளவு பேர் ஃப்ளூட்டுக்குப் போகிறார்கள் என்பதற்கு அந்த அம்மா சொன்ன காரணம் எளிது: ஆறு ஓட்டைக்கும் அதே விரல்தான். பழகிய மெட்டெல்லாம் அப்படியே கூட வருகிறது, உதடுதான் புதிதாகப் பழக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் பேம் என்ற ஜெர்மானியர் சாவி வைத்த புது ஃப்ளூட் கொண்டுவந்ததும் பெரிய சபா வித்வான்கள் பழைய மரக்குழலை ஒதுக்கினார்கள், அவை மலிவாக இந்தக் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தன. பழசு என்று தூக்கிப் போட்டதுதான் இங்கே சொத்து.

தன்னுடையதைக் கொடுத்து ஊதிப் பாருங்கள் என்றார். பக்கவாட்டில் பிடித்தேன். முதல் ஊதலிலேயே சத்தம் வந்தது! சுற்றி இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், பொதுவாக வாரக்கணக்கில் வெறும் காற்றுதான் வருமாம். மூன்று வருஷம் என் வாத்தியார் கத்தியது வீணில்லை. விரல் போட்டதும் மானம் போனது, அது வேறு.

ஐந்தாம் நாள், ஞாயிறு

மழை. ஸ்பானிஷ் பாயிண்ட் கடற்கரைக்கு நடந்து, நனைந்து, திரும்பினேன். சாக்ஸ் ரேடியேட்டர் மேல் காய்கிறது. நோட்டில் மூன்று பேர் சேர்ந்தார்கள், மூன்றும் ஃப்ளூட்.

ஆறாம் நாள், திங்கள். மறுபடி மில்டவுன்

இன்று வகுப்புகள் ஆரம்பம். காலையில் பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் வாத்தியத்துக்கு ஒரு அறை என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் முன்பதிவு செய்யாதவன். ஒரு சுவரோரம் உட்கார்ந்து விசிலை நோண்டிக்கொண்டிருந்தபோது, பேத்தியை வகுப்பில் விட்டுவிட்டு வந்த ஒரு தாத்தா பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்த ரோல் தப்பு" என்றார், வணக்கம்கூடச் சொல்லாமல்.

ரோல் என்பது இவர்களுடைய முக்கியமான அலங்காரம். ஒரு சுரத்தைப் பிடித்து, மேல் விரல் ஒன்றைச் சடக்கென்று தூக்கி வைத்து வெட்ட வேண்டும், அது கட். மறுபடி அதே சுரம், அப்புறம் கீழ் விரலால் ஒரு தட்டு, திரும்ப அதே சுரம். நான் கட் போடும்போது அந்த மேல் சுரமும் காதில் விழுகிற மாதிரி கொஞ்சம் தங்கிவிடுகிறேனாம். அது சுரமாகக் கேட்கக் கூடாது, விக்கல் மாதிரி இருக்க வேண்டும். நமக்குக் கமகம் என்றால் சுரத்தை வளைப்பது, இழைப்பது. இவர்கள் வெட்டுகிறார்கள். என் விரல் வளைக்கப் பழகிய விரல், அது எங்கே வெட்டும்? அரை மணி நேரத்தில் ஒரே ஒரு ரோல் உருப்படியாக வந்தது, தாத்தா தொப்பியைத் தொட்டார்.

ஆறு ஓட்டையும் மூடிய கடைசிச் சுரத்தில் தட்டுவதற்குக் கீழே விரலே இல்லையே, அங்கே என்ன செய்வது என்று கேட்டேன். அதற்குக் கிரான் என்று ஒன்று, வேறு வேறு மேல் விரல்களால் அடுத்தடுத்து வெட்டிக்கொண்டே போவது. பைப்பிலிருந்து வந்தது. ஆக பைப்பையே தொடாதவர்கள் விசிலிலும் பைப் ஒளிந்திருக்கிறது. என் பந்தயம் இப்போது இன்னும் சிக்கல்.

தாத்தா வேறு என்ன வாசிப்பார்? "ஒண்ணும் இல்ல. விசில்தான். 60 வருஷமா எல்லாரும் கேக்கறாங்க." கொஞ்சம் சூடாகவே சொன்னார். அப்புறம் அவரே இறங்கி வந்து மேரி பெர்கின் பெயரைச் சொன்னார். டப்ளின் பக்கத்துப் பெண், 9 வயதில் வில்லி கிளான்சி விசில் வாசிப்பதைக் கேட்டு ஆரம்பித்தவர், 1979இல் வெளியிட்ட இசைத்தட்டின் பெயரே ஐரிஷில் "டின் விசில்கள்" என்றுதான் அர்த்தம். "அதைக் கேட்டவன் எவனும் அடுத்தது என்னன்னு கேக்க மாட்டான்." நோட்டில் முதல் தடவையாக "விசில் மட்டும்" என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்து, அடியில் கோடு போடச் சொன்னார். போட்டேன்.

ஏழாம் நாள், செவ்வாய். டூலின்

350ஆம் நம்பர் பஸ். வழியில் மோஹர் பாறைகள். 214 மீட்டர் உயரம் என்று பலகை இருக்கிறது, நம்புகிறேன், ஏனென்றால் பார்க்க முடியவில்லை. வெள்ளைச் சுவர் மாதிரி மூடுபனி. இதற்காகத்தான் முதலில் டிக்கெட் எடுத்தேன். கீழே எங்கேயோ கடல் இரைவது மட்டும் கேட்டது, கூடவே ஒரு சீனக் குடும்பம் அந்த வெள்ளைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. நானும் எடுத்துக்கொண்டேன்.

டூலினில் மீஹோ ரஸ்ஸல் பெயர் சொல்லாமல் ஒரு மணி நேரம் கழியாது. 1915இல் பிறந்த விவசாயி, விசில் தானாகப் பழகியது. தம்பிகள் இருவரில் பாக்கி கான்சர்டினா, கஸ்ஸி ஃப்ளூட். இவரும் ஃப்ளூட் வாசிப்பார், பாடுவார். ஓ'கானர்ஸ் பப்பில் இவர்கள் வாசிப்பதைக் கேட்கத்தான் 60களிலும் 70களிலும் வெளிநாட்டார் முதுகில் மூட்டையோடு இந்த மூலைக்கு வர ஆரம்பித்தார்கள். 1973இல் அகில அயர்லாந்து விசில் போட்டியில் ஜெயித்தபோது வயது 58. 1994இல் கார் விபத்தில் இறந்தார்.

பழைய ஒலிப்பதிவை பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தேன். மில்டவுனில் கேட்ட வேகமோ வரிசையாக ரோலோ இதில் இல்லை. மெட்டைச் சிறு சிறு துண்டாக்கி, நடுவில் இடம் விட்டு, ஒரு கிழவர் கதை சொல்கிற மாதிரி வாசிக்கிறார். எந்த வாத்தியம் இதற்குள் ஒளிந்திருக்கிறது என்று ஊகிக்கப் பார்த்தேன். பைப் இல்லை, ஃப்ளூட் இருக்கலாம். அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது, இது அவர் பேச்சு. அதே பதிவில் நடுநடுவே அவர் பேசுகிறார், அதே நிறுத்தம், அதே இழுப்பு.

ராத்திரி பப்பில் இன்னும் ஐந்து பேரைக் கேட்டேன். கூட்டம் அதிகம், அதில் பாதி பேர் பௌரான் என்ற தோல் மேளத்தை மட்டும் கேட்டுக் கை தட்டுகிறார்கள். ஆட்டுத்தோல் தட்டுகிற அந்தப் பையன் பாவம் சுமாராகத்தான் தட்டினான்.

எட்டாம் நாள், புதன். மறுபடி டப்ளின்

பஸ், ரயில், தூக்கம். தங்கை வீட்டில் சாம்பார் வாசனை.

நோட்டைக் கொடுத்தேன். மொத்தம் 17 பேர். ஃப்ளூட் 7, பைப் 3, கான்சர்டினா 2, ஃபிடில் 2, பாஞ்சோ 1, விசில் மட்டும் 2. நான் ஊகித்ததில் சரியானது 6. குட்டி சோபாவில் கால் மடித்து உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கோடு போட்ட வரியில் நின்றாள்.

"இந்தத் தாத்தா வேற எதுவும் வாசிக்கலையா?"

"இல்லடா."

"அவருக்கு யாரும் வாங்கித் தரலையா?"

வேண்டாம் என்று இருந்துவிட்டார் என்று விளக்கினேன். யோசித்தாள். பிறகு என் பித்தளை விசிலை வாங்கி ஒரு ரோல் போட்டாள், எனக்கு ஆறு நாளாக வராத வெட்டு அவளுக்குச் சும்மா வந்தது.

"சரி, முடிவு பண்ணியாச்சு மாமா. ஹார்ப்."

நம் யாழ் மாதிரி தந்தி வாத்தியம், 17 பேரில் ஒருவர்கூடச் சொல்லாதது. சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்த தங்கை, அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "அண்ணா, அது என்ன விலைன்னு தெரியுமா உங்களுக்கு?"